என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குச் சாப்பிட்டான்? கொடைக்கானல் மலையின் வண்டி ஓட்டுநர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கொடைக்கானலில் வாடகை வண்டி ஓட்டும் தம்பிமார்களுக்கும், விடுதி நடத்தும் அண்ணன் அக்காமார்களுக்கும், காட்டுவழி காட்டிப் பிழைக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். 31 ஆண்டுகள் மலையிலும் மலையடிவாரத்திலும் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலருக்குத் தொப்புள்கொடி கட்டியதே நான்தான். இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். விஷயம் போதைக் காளான்.

போலீசுக்கு எழுதலாமே, கலெக்டருக்கு எழுதலாமே என்று வீட்டில் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லவும் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன், பின்னால் வரும். ஆனால் வெளியூர்ப் பையன் ஒருவன் பெருமாள்மலையைத் தாண்டி மேலே வந்ததும் முதலில் வாய் திறப்பது உங்களிடம்தான். "அண்ணா, காளான் எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி உங்கள் காதில்தான் விழுகிறது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நடுராத்திரியில் தட்டப்படுவதும் உங்கள் கதவுதான். ஆகவே முதல் மடல் உங்களுக்கே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. இரவு இரண்டு மணி இருக்கும். மூன்று பையன்கள் வந்தார்கள். இருவர் நடுவில் ஒருவனைத் தூக்கியும் இழுத்தும் கொண்டுவந்தார்கள். இருபது, இருபத்தொன்றுக்கு மேல் வயதிருக்காது. ஒரு காலில் செருப்பு இல்லை. சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்கை வரை முள் கீறல். வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. கண்மணிகள் இரண்டும் அகல விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்குக்கூடச் சரியாகச் சுருங்கவில்லை. நாடித்துடிப்பு 130-ஐத் தாண்டி ஓடியது. என் மேலங்கியின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "சுவர் மூச்சு விடுகிறது, நிறுத்தச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினான். அடுத்த நொடியில் படுக்கையை விட்டுப் பாய்ந்தான். பிடிக்கப் போன வார்டு உதவியாளரின் உதடு கிழிந்தது.

டாக்டர் நண்பர்களைக் கேட்டார், என்ன சாப்பிட்டான் என்று. பிரியாணி என்றார்கள். வேறு? ஒன்றும் இல்லை. மது? இல்லை.

இந்தப் பொய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இந்த நிலையில் ஒருவனைப் பார்க்கும் டாக்டர் முன் பத்துக் கதவுகள் மூடிக் கிடக்கின்றன. சர்க்கரை இறங்கியிருக்குமா, தலையில் அடியா, மூளைக்காய்ச்சலா, ஊமத்தையா, பூச்சிமருந்தா, வேறு போதைப் பொருளா? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் போகிறது. அந்த நேரமெல்லாம் பையன் அலறிக்கொண்டிருக்கிறான்.

அவர்களைக் கொண்டுவந்த வண்டி வாசலில் நின்றது. ஓட்டுநர் குரங்குக் குல்லாயும் சால்வையுமாகக் கதவில் சாய்ந்து நின்றார். கையில் ஆறிப்போன டீ. இரண்டு முறை வெளியே போய் அவரிடம் கேட்டேன். "எனக்கு ஒன்றும் தெரியாது சிஸ்டர். கூப்பிட்டார்கள், ஏற்றிவந்தேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நாலரை மணிக்கு நண்பர்களில் ஒருவன் அழுதுவிட்டான். "காளான்" என்றான். எப்போது சாப்பிட்டீர்கள்? ஒருவன் ஏழு மணி என்றான், மற்றவன் பத்து மணி என்றான். எங்கே பிடுங்கியது? "ஓர் அண்ணன் வாங்கிக் கொடுத்தார்." எந்த அண்ணன்? இருவரும் வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எந்தக் காளான் என்று தெரியாதபோது டாக்டருக்கு வேறு வழி இல்லை. கல்லீரலை அழிக்கும் வகையாக இருந்துவிட்டால் மலையில் வைத்துக் காப்பாற்ற முடியாது. இருந்த ஒரே ஆம்புலன்சில் ஏற்றிக் கீழே அனுப்பினோம். அது வத்தலக்குண்டு சாலையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மேல்மலையிலிருந்து ஒரு பிரசவ அழைப்பு வந்தது. அனுப்ப வண்டி இல்லை. காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டியில், சாக்குகளை விரித்து அதன்மேல் படுக்கவைத்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பையனும் பிழைத்தான். மதியத்துக்குள் தெளிந்துவிட்டானாம். மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று.

மூன்றாம் நாள் அந்த ஓட்டுநர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சால்வைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே கருத்துக் குழைந்து நாற்றமெடுத்த காளான்கள். "இது அன்றைக்கு வண்டியிலேயே இருந்தது சிஸ்டர், டாஷ்போர்டுக்குள்ளே. எடுத்துக் கொடுத்தால் கேஸ் ஆகிவிடும் என்று பயந்துவிட்டேன்" என்றார்.

வார்டு வாசலுக்கும் அந்த வண்டிக்கும் இருபது அடிகூட இருக்காது.

அவரை நான் திட்டவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவணையில் வண்டி வாங்கி ஓட்டுகிற மனிதருக்குப் போலீஸ் கேஸ் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து இரண்டு பதில் வந்திருந்தால், டாக்டருக்கு இரண்டரை மணி நேரம் மிஞ்சியிருக்கும், ஓர் ஆம்புலன்ஸ் மலையிலேயே நின்றிருக்கும். என்ன சாப்பிட்டான்? எத்தனை மணிக்குச் சாப்பிட்டான்? இந்த இரண்டுக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

மணிக்கணக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். இளைஞர்கள் தேடி வரும் காளானில் இருப்பது சைலோசிபின். உடம்புக்குள் போனதும் அது சைலோசின் என்று மாறி, மூளையில் செரோடோனின் என்ற இயற்கைப் பொருள் போய் அமரும் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். வயிற்றைப் புரட்டும் சாதாரணக் காளான் நஞ்சுகளும் ஓரிரு மணி நேரத்துக்குள் முகத்தைக் காட்டிவிடுகின்றன. கொல்லும் வகை அப்படியில்லை. அமாடாக்சின் என்ற நஞ்சு உள்ள காளானைத் தின்றவனுக்கு ஆறு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வாரிக்கொண்டு போகும். அதன்பின் ஒரு நாள் சரியாகிவிட்டது போல இருக்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். வீட்டுக்காரர்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டு அழைத்துப் போவார்கள். உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும்.

இதைப் படித்துச் சொல்லவில்லை. தோட்ட வேலைக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும் மழை விட்ட மறுநாள் வேலியோரத்தில் பறித்த காளானைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். பத்து மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தது. இரண்டாம் நாள் தெளிவாகத் தெரிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாலாம் நாள் மஞ்சள் ஏறிய கண்களோடு திரும்பி வந்தார்கள். அவர் பிழைத்தார். அந்த அம்மா பிழைக்கவில்லை. கையில் போட்டிருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களை ஊசி போடுவதற்காக நான்தான் கழற்றினேன்.

அவர்கள் போதைக்காகத் தின்றவர்கள் இல்லை, கறிக்காகத் தின்றவர்கள். 2022 ஏப்ரலில் அசாமில் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் உட்பட 13 பேர் சில நாட்களுக்குள் இதேபோல இறந்தார்கள். பசிக்குப் பறித்தவனையும் போதைக்குப் பறித்தவனையும் அந்த நஞ்சு பிரித்துப் பார்ப்பதில்லை. வேகவைத்தாலும் அது போகாது. பூண்டு போட்டால் கருக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றிருந்தால் நல்லது என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் சோதனைகள் ஒன்றுக்கும் அமாடாக்சின் கட்டுப்படாது. கையால் அழுத்தினால் நீலம் பாய்கிறது, ஆகவே இது "அசல்" என்று பையன்கள் இப்போது புதிதாக ஒரு சோதனை சொல்கிறார்கள். நீலம் பாயும் காளான்கள் பல இனங்களில் உண்டு. அவற்றில் வயிற்றைக் கிழிப்பவையும் உண்டு.

காளானில் ஆள் அடையாளம் அவ்வளவு கடினம். தென்னிந்தியாவில் கருநிற வித்துத்தூள் உதிர்க்கும் காளான்களைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜனும் என். ராமனும் 1983-லேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அந்தத் துறையிலேயே ஊறிய அவர்களைப் போன்றவர்கள், தொப்பியைத் தாளில் கவிழ்த்து வைத்து, உதிரும் வித்துத்தூளின் நிறம் பார்த்து, அதை நுண்ணோக்கியில் அளந்துதான் பெயர் சொல்கிறார்கள். நம் ஊரில் பதினான்கு வயதுப் பையன் மங்கிய வெளிச்சத்தில் பிடுங்கி, பையில் போட்டு, "அசல் சரக்கு" என்கிறான். கிடைக்காத நாளில் கண்ணில் படுகிற நாய்க்குடையைப் பிடுங்கிக் கொடுப்பதும் நடக்கிறது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எந்தப் புல்வெளி, எந்த மாதம் என்றெல்லாம் இங்கே எழுத மாட்டேன். மாடு மேய்ந்து சாணமிட்ட ஈரப் புல்வெளியில் மழைக்குப் பின் முளைப்பது உலகமெங்கும் அதன் வழக்கம். அந்தக் குடும்பத்தில் பேர்போன வகை ஒன்றுக்குக் கியூபாவின் பெயரே இருக்கிறது. 1906-ல் அங்கே கண்டு எழுதினார்கள். வெப்பநாடுகளில் மாடு போன இடமெல்லாம் அதுவும் போயிருக்கிறது. ஆகவே இது கொடைக்கானலின் அதிசயம் அல்ல. கொடைக்கானலுக்கு மட்டும் போதைக் காளான் ஊர் என்ற பெயரை ஒட்டிவிட்டார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மலை இது. வெளியூரில் கொடைக்கானல் என்றதும் சின்னப் பிள்ளைகள் கண்ணடித்துச் சிரிக்கிறார்கள். என் தங்கை மகன் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், ஊர்ப் பெயரைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவன் கேட்டது காளானைத்தான். அவன் அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு வலித்தது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

இனி, நீங்கள் என்னிடம் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "வெளிநாட்டில் இதை மருந்தாகவே கொடுக்கிறார்களாமே சிஸ்டர்?" வண்டியில் வரும் படித்த பிள்ளைகள் சொல்லிச் சொல்லி உங்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் பொய் சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இதைப் பற்றி 2006-லிருந்து ஆய்வுகளை வெளியிட்டு வருகிறது. புற்றுநோய் வந்து சாவுப் பயத்தில் உறங்காமல் கிடந்தவர்களுக்கு ஒரே தடவை கொடுத்து மாதக்கணக்கில் மனம் தேறியதை 2016-ல் வெளியிட்டார்கள். 2022-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், எந்த மருந்துக்கும் மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு 25, 10, 1 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 25 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மூன்று வாரத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதை எழுதிக் கொடுக்கலாம். மனச்சோர்வில் கிடந்த எத்தனையோ பேரை வார்டில் பார்த்தவள் நான். அந்த ஆய்வுகள் வெற்றி பெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் அந்த அறை எப்படி இருக்கும் என்பதையும் கேளுங்கள். மருந்து ஆய்வகத்தில் செய்த மாத்திரை. உள்ளே எத்தனை மில்லிகிராம் என்பது துல்லியமாகத் தெரியும். கொடுப்பதற்கு முன் பல நாள் பேசுகிறார்கள். தனக்கோ குடும்பத்திலோ மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற மனநோய் இருந்தால் சேர்ப்பதே இல்லை. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைப் பார்க்கிறார்கள். லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. கொடுத்த பின் பயிற்சி பெற்றவர்கள் முழு நேரமும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நம் மலையில் நடப்பதோ, எவ்வளவு வீரியம் என்று யாருக்கும் தெரியாத ஈரக் காளான். ஒரே சாணியில் முளைத்த இரண்டு காளானில்கூட அளவு ஒன்றாக இருக்காது. கூடவே மது. பக்கத்தில் இருப்பவர்களும் தின்றவர்கள். பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான அடிப் பள்ளம்.

இன்னும் ஓர் உண்மையையும் மறைக்கவில்லை. சைலோசிபினின் நஞ்சால் மட்டும் ஆள் செத்துப்போவது மிக அரிது. மதுவைப் போலப் பிடித்துக்கொள்ளும் அடிமைத்தனமும் இதில் இல்லை. நம் மலையில் பயப்பட வேண்டியவை வேறு. தவறான காளான், இருட்டு, குளிர், பனிமூட்டம், பாறை விளிம்பு, தனக்குள் உறங்கிக் கிடந்த மனநோயை ஒரு பிள்ளை அன்றைக்குத் தட்டி எழுப்பிவிடுவது. இந்தக் கடைசி ஒன்று ஆறு மணி நேரத்தில் அடங்குவதில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போன பின்னும், பல மாதம் கழித்தும், சுவர் மூச்சு விடுவதாகச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தாய்மார் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி அழுகிறார்கள்.

இங்கே உங்களுக்கு இன்னொரு மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரைப் போலவே மேகம் இறங்கும் மலை. மெக்சிகோ நாட்டில் வஹாகா மாநிலத்தில் வௌத்லா என்றொரு ஊர். அங்கே வாழும் மசாதெக் மக்களுக்குக் காளான் மருந்தும் சாமியும் சேர்ந்த ஒன்று. அதைப் "புனிதக் குழந்தைகள்" என்று அழைத்தார்கள். யாருக்காவது நோய் கண்டால், இரவில் வீட்டுக்குள், விளக்கை அணைத்து, பாட்டுப் பாடி, நோயின் காரணத்தைக் கேட்பதற்காக உண்டார்கள். வேடிக்கைக்காக உண்ணும் வழக்கமே அங்கே கிடையாது. மரியா சபீனா என்ற எழுதப் படிக்கத் தெரியாத பெண் அந்தச் சடங்கை நடத்துவதில் பேர் பெற்றவர். 1955-ல் நியூயார்க்கிலிருந்து கார்டன் வாசன் என்ற வங்கி அதிகாரி வந்தார். அந்த அம்மா நல்ல மனதோடு அவரையும் சடங்கில் உட்கார வைத்தார். 1957 மே மாதம் அவர் ஒரு பெரிய அமெரிக்க வார இதழில் அதைப் பற்றி எழுதினார். ஊர்ப் பெயரையும் அந்த அம்மாவின் பெயரையும் மாற்றித்தான் எழுதினார். ஒளித்து வைத்த பெயர் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்தக் காளான்களிலிருந்து சைலோசிபினைப் பிரித்தெடுத்தார். அறிவியலுக்கு அது பெரிய வரவு. ஊருக்கு வந்தது வேறு. அறுபதுகளில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அந்த மலையில் ஏறினார்கள். தெருவில் தின்றார்கள், கண்ட இடத்தில் கிடந்தார்கள். போலீஸ் வந்தது, கடைசியில் ராணுவம் வந்து வழியை அடைத்தது. ஊர் மக்கள் அந்த அம்மாவின்மேல் பழியைப் போட்டார்கள். அவர் வீடு எரிக்கப்பட்டது. வெளியார் வந்த பின் அந்தக் குழந்தைகளுக்குச் சக்தி போய்விட்டது என்று வருந்திய அவர், 1985-ல் வறுமையில் இறந்தார்.

அந்த மக்களுக்கு இழக்க ஒரு சடங்காவது இருந்தது. நமக்கு இந்தக் காளானோடு அப்படி ஓர் உறவும் இருந்ததாக நான் கேட்டதில்லை. என் அப்பா மாடு மேய்த்தவர். சாணியில் முளைத்ததைக் காலால் தட்டிவிட்டுப் போவார். பளியர் குடியிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்களிடம் பேச்சுவாக்கில் நான் கேட்டிருக்கிறேன். புற்றுக் காளானைப் பற்றி, அதைப் பறிக்கும் நாளைப் பற்றி, வாய் ஓயாமல் சொல்வார்கள். இதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். யாரோ வெளியூரில் கட்டிய பெயருக்காக நாம் ஏன் நம் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டும்?

ஆம், நம் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். பிடுங்கிக்கொண்டு வந்து கொடுப்பவன் யார்? நம் வீட்டுப் பையன். ஒரு கைப்பிடிக்கு அவனுக்குக் கிடைப்பது, அவன் அம்மா நாள் முழுக்கப் பூண்டு உரித்தால் வரும் கூலியைவிட அதிகம். அதைப் பார்த்தவன் பள்ளிக்கூடம் போவானா? பிடிபடுவதும் அவன்தான். வாங்கியவன் ஞாயிற்றுக்கிழமை மாலை மலையிறங்கிப் போய்விடுகிறான். உங்களில் சிலர் "நான் விற்கவில்லை, ஆளைக் காட்டிவிட்டேன், அவ்வளவுதான்" என்கிறீர்கள். அந்தக் காட்டிவிடும் விரல் இல்லாவிட்டால் இந்த வியாபாரமே இல்லை.

சட்டம் பற்றி நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் பட்டியலில் சைலோசிபினும் சைலோசினும் இருக்கின்றன. 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளான் இயற்கையில் முளைப்பது, கலவை அல்ல, ஆகவே காளானின் மொத்த எடையையும் போதைப் பொருளின் எடையாகக் கணக்கிடக் கூடாது என்று சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு "இப்போது தப்பில்லை" என்று வண்டி நிறுத்தத்தில் பேசுகிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. எடையை எப்படிக் கணக்கிடுவது என்று மட்டுமே சொன்னது. அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. தெரிந்தே தன் வீட்டையோ அறையையோ வண்டியையோ இதற்குப் பயன்படுத்த விட்டவனுக்கும், குற்றம் செய்தவனுக்கு உள்ள அதே தண்டனை. வண்டியும் பறிமுதலுக்கு உரியது. தவணை கட்டி முடிக்காத வண்டி.

காவல் துறையிலும் மாவட்ட நிர்வாகத்திலும் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உயிருக்குப் போராடும் ஒருவனைக் கொண்டுவந்து சேர்த்து, என்ன தின்றான் என்று உண்மையைச் சொல்லும் ஓட்டுநரையும் நண்பனையும் அந்த இரவில் குற்றவாளியாக நடத்தாதீர்கள். சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவந்தவருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தோம். அதற்கு முன் நம் சாலைகளில் எத்தனை பேர் யாரும் தொடாமல் கிடந்து செத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதே பயம்தான் இங்கேயும் வாயைக் கட்டுகிறது. விற்பவனைப் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்பவனைக் காப்போம் என்று வாய்விட்டு, வண்டி நிறுத்தத்துக்கே வந்து, எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். மருத்துவத் துறை, மலை மருத்துவமனைகளில் காளான் நஞ்சுக்கென்று ஒரு பக்க வழிமுறையாவது சுவரில் ஒட்டட்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நஞ்சுத் தகவல் மையம் 24 மணி நேரமும் பேசும். அந்த எண் இரவுப் பணிச் செவிலியரின் மேசைமேல் இருக்கட்டும்.

உங்களிடம் திரும்பி வருகிறேன். காளான் கேட்பவனுக்கு இல்லை என்று சொல்லுங்கள். ஒருவர் மறுத்தால் பக்கத்து வண்டிக்குப் போவான். எல்லோரும் மறுத்தால் எங்கே போவான்? விடுதி நடத்தும் அக்கா, அறையில் அலறல் கேட்டால் சத்தம் வெளியே போகக் கூடாது என்று பாட்டைக் கூட்டி வைக்காதீர்கள். உள்ளே போங்கள். அவனைக் கட்டிப் போட வேண்டாம், அடிக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மோரும் புளித்தண்ணீரும் இதற்கு மருந்தில்லை. பெரிய விளக்கை அணைத்து, கம்பளி போர்த்தி, மெதுவான குரலில், "நீ தின்றதால்தான் இப்படி இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் குறையும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். வெளியே மட்டும் விடாதீர்கள். அப்படியே 108-ஐக் கூப்பிடுங்கள். நேரம் கழித்து வாந்தி வந்தாலோ, தின்றது எது என்று சந்தேகம் இருந்தாலோ, தெளிந்துவிட்டான் என்பதற்காக மறுநாள் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். சீக்கிரமே வாந்தி வந்தவனுக்கும் ஆபத்து நீங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று வகை கலந்து தின்றிருக்கலாம்.

மிச்சக் காளான் இருந்தால் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள். கழுவ வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், வியர்த்து அழுகிவிடும், யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. அந்த ஓட்டுநர் மூன்றாம் நாள் கொண்டுவந்தது அப்படித்தான் இருந்தது. காகிதப் பை வேண்டும். பையின்மேல் தின்ற நேரத்தைப் பேனாவால் எழுதினால் போதும், கையெழுத்து எப்படி இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன் என்று என் காலத்து டாக்டர் ஒருவர் சொல்வார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வண்டி நிறுத்தத்துக்கு வருகிறேன். பழைய செய்தித்தாளில் மடித்து ஒட்டிய பைகள் இருநூறு தயாராக இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து ஒட்டித் தந்தார்கள். ஆளுக்கு இரண்டு எடுத்து டாஷ்போர்டுக்குள் வையுங்கள். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்த அந்தத் தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நடந்ததை அவரே உங்களுக்குச் சொல்வார்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்
மேல்மலை, கொடைக்கானல்